செயலியில் விலையைச் சரியாகக் காட்டுவது எப்படி: நாணயமும் லோகேலும், புதியவர்களுக்கு

காஞ்சிபுரத்துச் சேலை விற்கும் ஒரு சின்னக் கடைக்காக ஆண்ட்ராய்டு செயலி ஒன்று எழுதிக்கொடுத்தேன். வெளியிட்ட மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து சித்தி கூப்பிட்டார். "என்னப்பா, ஒரு சேலை எட்டாயிரத்து நானூத்தி தொண்ணூத்தொம்பது டாலராமா?" என் கைபேசியில் அதே சேலை ₹8,499.00 என்றுதான் தெரிந்தது. அவர் கைபேசியில் மொழி அமைப்பு என்னவென்று பார்க்கச் சொன்னேன். ஆங்கிலம் (அமெரிக்கா). வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. நம் ஊரில் இப்படி இருக்கும் கைபேசிகள் ஏராளம்.

எண் மாறவில்லை, அதன் முன்னால் நின்ற குறி மட்டும் மாறியிருந்தது. ஆனால் வாங்க வருபவருக்கு அது எண்பது மடங்குக்கும் மேலான வித்தியாசம். காரணம் ஒரே ஒரு வரி. நாணய ஃபார்மட்டரை (எண்ணை விலையாக எழுதித் தரும் நிரல்பகுதி) உருவாக்கும்போது லோகேலை (கைபேசியின் மொழி–பிரதேச அமைப்பு) மட்டும் கொடுத்திருந்தேன், எந்த நாணயம் என்று சொல்லவில்லை. நாம் சொல்லாவிட்டால் லோகேலில் இருக்கும் நாட்டின் நாணயத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரு விஷயத்தையே திரும்பத் திரும்பச் சொல்வேன்: எந்த நாணயம் என்பது தரவோடு வர வேண்டும், அதை எப்படி எழுதிக் காட்டுவது என்பதை மட்டுமே லோகேலிடம் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிப் பிழைகள் பிறக்கவே பிறக்காது. நிரலில் வரும் பெயர்களை இங்கே ஒலிப்பின்படியே எழுதுகிறேன். எடிட்டரில் முதல் சில எழுத்துகளைத் தட்டினாலே சரியான பெயர் வந்து நிற்கும்.

முதல் படி: நாணயக் குறியீட்டைத் தரவில் வையுங்கள்

லோகேல் என்பது மொழியும் பிரதேசமும் சேர்ந்த ஓர் அடையாளம். தமிழ்–இந்தியா, தமிழ்–சிங்கப்பூர், ஆங்கிலம்–அமெரிக்கா என்று. அது படிப்பவரைப் பற்றிய தகவல். சேலையின் விலை படிப்பவரைப் பொறுத்ததில்லை, விற்பவர் முடிவு செய்தது. சென்னையிலிருந்து ஒருவர் சிங்கப்பூருக்குப் போய்க் கைபேசியின் பிரதேசத்தை மாற்றினால் ரூபாய் விலை சிங்கப்பூர் டாலராக மாறிவிடக் கூடாது.

நாடுகளின் நாணயம் நிலையானதும் இல்லை. குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று குனாவை விட்டு யூரோவுக்கு மாறியது. அதற்கு முந்தைய இயங்குதளம் ஓடும் கைபேசியில் குரோஷிய லோகேலைக் கேட்டால் இன்றும் குனா என்றே சொல்லும். லோகேலிலிருந்து நாணயத்தை ஊகிக்கும் செயலி, ஒரே ஊரில் இரண்டு பேருக்கு இரண்டு நாணயம் காட்டும்.

ஆகவே ஒவ்வொரு தொகையோடும் ஐஎஸ்ஓ 4217 தரத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைச் சேர்த்தே வையுங்கள். இந்திய ரூபாய்க்கு ஐஎன்ஆர், இலங்கை ரூபாய்க்கு எல்கேஆர், சிங்கப்பூர் டாலருக்கு எஸ்ஜிடி, குவைத் தினாருக்குக் கேடபிள்யூடி. முதல் இரண்டு எழுத்து பெரும்பாலும் நாட்டைக் குறிக்கும், மூன்றாவது நாணயத்தின் பெயரைக் குறிக்கும். யூரோ போன்ற சில விலக்குகள் உண்டு. குறியை மட்டும் சேமித்து வைப்பது போதாது. $ என்றால் அமெரிக்காவா, சிங்கப்பூரா, ஆஸ்திரேலியாவா, கனடாவா? "ரூ." என்று எழுதினாலும் அதே குழப்பம்தான்: இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரீசியஸ் எல்லாவற்றிலும் ரூபாய் உண்டு. (மொரீசியஸின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும். முதல்முறை பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது.)

நிரலில் "பணம்" என்று ஒரு சிறிய வகுப்பை எழுதிவிடுங்கள். உள்ளே இரண்டே புலங்கள்: தொகை, நாணயக் குறியீடு. விலை போகும் இடமெல்லாம் இந்த இரண்டும் சேர்ந்தே போகட்டும். வெறும் எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன் எங்காவது இருந்தால், சித்திக்கு நேர்ந்தது அங்கேயிருந்துதான் மறுபடி தொடங்கும்.

இரண்டாம் படி: தொகையை முழு எண்ணாக வையுங்கள்

திரையில் காட்டுவதற்கு முன்பே தொகை கெட்டுப்போக ஒரு வழி இருக்கிறது. டபுள், ஃப்ளோட் வகைகள் எண்களை இரும முறையில் சேமிப்பவை. பத்தில் ஒரு பங்கு என்பதை அவற்றால் துல்லியமாக எழுத முடியாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். விலையில் இது எப்படிக் கடிக்கும் என்றால்: 19.99 ரூபாயைப் பைசாவாக்க 100-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது 1998.9999999999998. அதை முழு எண்ணாக வெட்டினால் 1998. ஒரு பைசா போய்விட்டது, எந்தப் பிழைச் செய்தியும் வராது.

சரி, தீர்வு எளிது. மிகச் சிறிய அலகில், அதாவது பைசாவில், முழு எண்ணாக வையுங்கள். ₹8,499 என்பது 849900. பின்னக் கணக்கு தேவைப்படும் இடங்களில் (வரி, தள்ளுபடி) ஆண்ட்ராய்டில் பிக்டெசிமல், ஐஓஎஸ்ஸில் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள். அவற்றை உருவாக்கும்போது எழுத்துச் சரத்திலிருந்து உருவாக்குங்கள். டபுளிலிருந்து உருவாக்கினால் டபுளின் பிழையும் கூடவே வந்துவிடும்.

முழு எண் என்றாலும் 32 பிட் போதாது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. அதைப் பைசாவாகக் கொண்டால் ₹2,14,74,836.47. ஒரு கடையின் ஆண்டு விற்பனை இரண்டே கால் கோடியைத் தொட்டால் கோட்லினில் கூட்டுத்தொகை எதிர்மறை எண்ணாகத் திரும்பும். கோட்லினில் லாங், ஸ்விஃப்ட்டில் 64 பிட் இன்ட் என்று முதலிலேயே தொடங்குங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்: எல்லா நாணயத்தையும் 100-ஆல் வகுப்பது. ஜப்பானிய யென்னுக்கும் கொரிய வோன்னுக்கும் தசம இடமே கிடையாது. குவைத், பஹ்ரைன் தினார்களுக்கும் ஓமானி ரியாலுக்கும் மூன்று இடங்கள். ஒரு குவைத் தினார் 1000 ஃபில்ஸ். சேவையகம் 29750 என்று அனுப்பினால் அது 29.750 தினார். 100-ஆல் வகுத்து 297.50 என்று காட்டினால் விலை பத்து மடங்காகிவிடும். எத்தனை இடம் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாணய வகுப்பிடம் கேட்டால் சொல்லும்.

மூன்றாம் படி: ஃபார்மட்டரை உருவாக்குங்கள்

இந்த இடத்தில்தான் பலரும் தாங்களே காற்புள்ளி போடும் நிரலை எழுதப் பார்க்கிறார்கள். வேண்டாம். யூனிகோட் கூட்டமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் என்ற தரவுத் தொகுப்பில் ஒவ்வொரு லோகேலும் எண்ணை எப்படி எழுதுகிறது என்பது இருக்கிறது. அதைப் படித்து வேலை செய்யும் நூலகம் ஐசியூ. ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் அதைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன.

அந்தத் தரவின் அருமை எடுத்துக்காட்டில்தான் தெரியும். பன்னிரண்டு லட்சத்து முப்பத்து நான்காயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழரை என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொள்வோம். இந்திய ஆங்கிலத்திலும் இந்தியத் தமிழிலும் 12,34,567.50. அமெரிக்காவில் 1,234,567.50. ஜெர்மனியில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறி 1.234.567,50 என்று வரும், € குறி கடைசியில், ஓர் இடைவெளி விட்டு. பிரான்சில் பிரிப்பதற்கு இடைவெளி: 1 234 567,50 €. சுவிட்சர்லாந்தின் ஜெர்மனில் மேற்கோள் குறி: 1’234’567.50. தமிழுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. சிங்கப்பூர், மலேசியத் தமிழ் லோகேல்கள் மூன்று மூன்றாகப் பிரிக்கும், லட்சக் கணக்கில் பிரிக்காது. அங்கே வாழும் தமிழர்கள் கடைகளிலும் வங்கிகளிலும் பார்த்துப் பழகிய முறை அது. மராத்தி லோகேலில் எண்களே தேவநாகரியில் வரும், இந்தியில் வழக்கமான எண்கள்தான். இவ்வளவையும் ஒருவர் கையால் எழுதிப் பராமரிக்க முடியாது, முயலவும் கூடாது.

ஆண்ட்ராய்டில் நம்பர்ஃபார்மட் வகுப்பின் கெட்கரன்சிஇன்ஸ்டன்ஸ் என்ற செயலுக்கு லோகேலைக் கொடுத்து ஃபார்மட்டரை வாங்குங்கள். அடுத்த வரியிலேயே செட்கரன்சியை அழைத்து, தரவிலிருந்து வந்த குறியீட்டைக் கொண்டு உருவாக்கிய நாணயத்தைக் கொடுங்கள். நான் எழுதாமல் விட்டது இந்த இரண்டாவது வரியைத்தான். பிறகு பைசாவில் இருக்கும் தொகையை நாணயத்தின் தசம இடத்துக்கேற்ப பிக்டெசிமலாக மாற்றி ஃபார்மட் செயலுக்குக் கொடுத்தால் எழுத்துச் சரம் கிடைக்கும்.

ஆண்ட்ராய்டில் நம்பர்ஃபார்மட் என்ற பெயரில் இரண்டு வகுப்புகள் இருப்பது புதியவர்களைக் குழப்பும். ஒன்று ஜாவாவின் டெக்ஸ்ட் பொதியில் இருப்பது. மற்றொன்று ஆண்ட்ராய்டின் ஐசியூ பொதியில், ஆண்ட்ராய்டு 7.0 முதல் கிடைப்பது. உங்கள் செயலி 7.0-க்குக் கீழே ஓட வேண்டியதில்லை என்றால் ஐசியூவையே எடுங்கள். இரண்டு காரணங்கள். ஜாவா வகுப்பில் செட்கரன்சி அழைத்தால் குறி மாறும், ஆனால் தசம இடங்களின் எண்ணிக்கை மாறாது. இந்திய லோகேலில் யென் தொகையைக் காட்டினால் இல்லாத தசமத்தோடு 1,500.00 என்று வந்து நிற்கும். தினாரில் மூன்றாவது இடம் காணாமல் போகும். ஜாவா வகுப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நிலை இருந்தால், நாணயத்திடம் இயல்பான தசம இடத்தைக் கேட்டு, குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டுக்கும் நீங்களே அதைப் பொருத்துங்கள்.

இரண்டாவது காரணம் சோதனையில் வரும். மடிக்கணினியில் ஓடும் சாதாரண ஜாவாவின் டெசிமல்ஃபார்மட் ஒரே அளவிலான பிரிவுகளை மட்டுமே அறியும். முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டாக என்ற நம் முறை அதற்குத் தெரியாது. அதனால் யூனிட் டெஸ்ட்டில் 1,234,567.50 வரும், கைபேசியில் 12,34,567.50 வரும். எது சரி என்று தேடி ஒரு நாள் வீணாகும். விலைக்கான சோதனைகளைக் கைபேசியிலோ எமுலேட்டரிலோ ஓடும் சோதனைகளாக எழுதுங்கள்.

ஐஓஎஸ்ஸில் வேலை கொஞ்சம் குறைவு. நம்பர்ஃபார்மட்டரை உருவாக்கி, ஸ்டைலைக் கரன்சி என்று வைத்து, கரன்சிகோடு என்ற பண்பில் குறியீட்டைக் கொடுங்கள். ஐஓஎஸ் 15 முதல் டெசிமல் மதிப்பின் மீதே ஃபார்மட்டட் செயலை அழைத்து, நாணயக் குறியீட்டை ஒரே வரியில் கொடுத்துவிடலாம். தசம இடத்தை அதுவே நாணயத்துக்கேற்ப எடுத்துக்கொள்ளும்.

ஃப்ளட்டர் எழுதுபவர்கள் இன்ட்எல் பொதியைச் சேர்க்க வேண்டும். அதில் நம்பர்ஃபார்மட்டுக்குக் கரன்சி, சிம்பிள்கரன்சி என இரண்டு உருவாக்கிகள் உண்டு. முதலாவதுக்கு நாணயக் குறியீட்டை மட்டும் கொடுத்தால் ₹ வராது, ஐஎன்ஆர் என்ற எழுத்துகளே வரும். குறி வேண்டுமென்றால் தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டாவது குறியைத் தானே போடும், ஆனால் எந்த டாலர் என்று வேறுபடுத்தாது. ஒரே நாணயத்தில் விற்கும் செயலிக்கு அது போதும். பல நாணயங்கள் என்றால் முதலாவதைப் பயன்படுத்துங்கள். லோகேலையும் மறக்காமல் கொடுங்கள், கொடுக்காவிட்டால் அமெரிக்க ஆங்கிலத்துக்குப் போய்விடும்.

ரியாக்ட் நேட்டிவில் ஜாவாஸ்கிரிப்ட்டின் இன்ட்எல் நம்பர்ஃபார்மட். ஸ்டைல் கரன்சி, கூடவே கரன்சி என்ற விருப்பத்தில் குறியீடு. கொடுக்க மறந்தால் அது பிழையை எழுப்பி நிறுத்திவிடும். இதை நான் ஒரு நல்ல குணமாகவே பார்க்கிறேன். மற்ற தளங்களும் இப்படி இருந்திருக்கலாம்.

பட்டியல் திரையில் ஒவ்வொரு வரிக்கும் புதிதாக ஃபார்மட்டர் உருவாக்காதீர்கள், உருட்டும்போது திணறும். நாணயத்துக்கு ஒன்று உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பயனர் லோகேலை மாற்றினால் அதைத் தூக்கிப்போட்டுப் புதிது உருவாக்குங்கள். ஜாவா ஃபார்மட்டரை இரண்டு த்ரெட்களில் ஒரே நேரத்தில் பயன்படுத்தக் கூடாது.

நான்காம் படி: எந்த லோகேல் என்று முடிவெடுங்கள்

பயனரின் கைபேசி லோகேல்தானே, இதில் என்ன முடிவு என்று தோன்றும். உங்கள் செயலியில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். கைபேசி அரபு (எகிப்து) அமைப்பில் இருந்தால் சேலையின் பெயரும் விவரமும் ஆங்கிலத்தில் வரும், விலை மட்டும் அரபு எண்களில் வரும். படிப்பவருக்கு அது பொருந்தாமல் தெரியும். என் பரிந்துரை: திரையில் உள்ள சொற்கள் எந்த மொழியில் இருக்கின்றனவோ அந்த மொழி, பயனரின் பிரதேசம், இரண்டையும் சேர்த்து லோகேல் செய்யுங்கள். ஐஓஎஸ் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. செயலி ஆதரிக்கும் மொழியையும் பயனர் தேர்ந்த பிரதேசத்தையும் சேர்த்தே நடப்பு லோகேலைத் தருகிறது. ஆண்ட்ராய்டில் செயலிக்குள்ளேயே மொழி மாற்றும் வசதி வைத்திருந்தால், சாதனத்தின் பொது லோகேலை எடுக்காமல் திரையின் கான்ஃபிகரேஷனில் உள்ளதை எடுங்கள்.

சித்தியின் கைபேசியில் இப்போது விலை ₹8,499.00 என்று சரியாக வருகிறது. ஆனால் லட்சத்தைத் தாண்டும் பட்டுச் சேலைக்கு ₹125,000.00 என்று அமெரிக்கப் பிரிப்பில் வரும். இது பிழை இல்லை, அவர் கைபேசி அப்படிக் கேட்கிறது. இந்தியாவில் மட்டும் விற்கும் செயலி என்றால் ஆங்கிலம்–இந்தியா என்று நிலையாக வைத்துவிடலாம் என்பது என் கருத்து. லட்சத்தில் எண்ணிப் பழகியவருக்கு 125,000-ஐப் படிக்க ஒரு நொடி கூடுதலாகும், அந்த ஒரு நொடியில்தான் தவறாகப் படிப்பார். பல நாடுகளில் விற்றால் பயனரின் அமைப்பையே மதியுங்கள்.

₹ குறியைப் பற்றி ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் தர்மலிங்கம் வடிவமைத்த இந்தக் குறியை இந்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோட் 6.0 அதைச் சேர்த்துக்கொண்டது. நீங்களாகவே செயலியில் ஒரு எழுத்துரு சேர்த்திருந்தால் அதில் ₹ இருக்கிறதா என்று பாருங்கள். அழகான பழைய தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றில் இருக்காது. வேறு எழுத்துருவிலிருந்து எடுத்துக்கொண்ட குறி தடிப்பாகவோ மெல்லியதாகவோ தனித்து நிற்கும்.

ஐந்தாம் படி: தசமமும் முழுமையாக்கலும்

கடைக்காரர் கேட்பார்: ".00 எதுக்கு, எடுத்துடுங்க." அதிகபட்சத் தசம இடத்தைச் சுழியம் ஆக்கினால் போகும்தான். ஆனால் ₹8,498.50 விலையுள்ள பொருள் ₹8,498 என்று தெரியும். பில்லில் ஐம்பது பைசா கூடுதலாக வரும்போது வாடிக்கையாளர் நம்மை நம்ப மாட்டார். பைசா மீதி இல்லாத தொகைக்கு மட்டும் தசமத்தை மறையுங்கள், மற்றவற்றுக்கு முழுதாகக் காட்டுங்கள்.

ஏன் 8,499 வராமல் 8,498 வந்தது? ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஃபார்மட்டர்கள் இயல்பாகச் சரிபாதியை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். ஜாவாஸ்கிரிப்ட்டின் இன்ட்எல் பாதியை மேலே தூக்கும். ஒரே 0.125 ஆண்ட்ராய்டில் 0.12, ஜாவாஸ்கிரிப்ட்டில் 0.13. வலைத்தளத்திலும் செயலியிலும் ஒரே பொருள் இரு விலை காட்டும் புகார்களில் இதையும் சந்தேகியுங்கள். முழுமையாக்குவதை (ரவுண்டிங்) கணக்குப் போடும் இடத்தில், முறையை வெளிப்படையாகச் சொல்லி முடித்துவிட்டு, ஃபார்மட்டரிடம் ஏற்கனவே முழுமையான தொகையைக் கொடுப்பதே பாதுகாப்பு.

சுருக்க வடிவம் (12 லட்சம், 1.2 கோடி என்பது போல) வேண்டுமென்றால் பயன்படுத்தும் முன் திரையில் பாருங்கள். தமிழ் லோகேலில் பன்னிரண்டு லட்சம் "1.2மி" என்று மில்லியனாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பயனர் அதை எந்தத் தொகையாகவும் படிக்க மாட்டார். அங்கே நானே எழுதிய சொற்களைத்தான் வைத்தேன்.

ஆறாம் படி: காட்டுவதற்கு எழுதியதைக் கணக்குக்கு எடுக்காதீர்கள்

ஃபார்மட் செய்த சரம் கண்ணுக்கு மட்டும். அதைச் சேவையகத்துக்கு அனுப்புவதோ, அதிலிருந்து காற்புள்ளியை நீக்கி மறுபடி எண்ணாக்குவதோ கூடாது. ஜெர்மன் கைபேசியில் 1.234 என்றால் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு. அதையே நம் வழக்கப்படி படித்தால் ஒன்றேகால் யூரோகூட இல்லை. இரண்டு தசமத்துக்கு ஸ்ட்ரிங் ஃபார்மட் பயன்படுத்துபவர்களும் இதே குழியில் விழுவார்கள். லோகேல் கொடுக்காவிட்டால் அது கைபேசியின் லோகேலையே எடுக்கும், ஜெர்மனியில் 12,50 என்று சேவையகத்துக்குப் போகும், சேவையகம் மறுத்துவிடும். அனுப்புவது எப்போதும் முழு எண்ணும் நாணயக் குறியீடும்.

பயனரே தொகையைத் தட்டச்சு செய்யும் இடத்தில், காட்டப் பயன்படுத்திய அதே லோகேலின் ஃபார்மட்டரைக் கொண்டு படியுங்கள். படித்த தொகையை உடனே கீழே முழுதாக எழுதிக் காட்டுங்கள். தவறு இருந்தால் பணம் போகும் முன் அவரே பார்த்துவிடுவார்.

செயலிக்குள் சந்தா விற்றால் மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. கூகுள் பிளே பில்லிங் ஃபார்மட் செய்த விலையையும், ஐஓஎஸ் ஸ்டோர்கிட் 2 டிஸ்ப்ளேபிரைஸையும் தயாராகத் தருகின்றன. அதை அப்படியே திரையில் போடுங்கள். கணக்குக்குத் தனித் தொகை வேண்டுமானால், கூகுள் அதை மைக்ரோ அலகில் தரும்: ஒரு ரூபாய்க்குப் பத்து லட்சம். ₹499 அங்கே 49,90,00,000 என்று வரும். அது பைசா இல்லை.

ஏழாம் படி: சோதியுங்கள்

ஐந்து லோகேல் போதும்: ஆங்கிலம்–அமெரிக்கா, தமிழ்–இந்தியா, ஜெர்மன்–ஜெர்மனி, பிரெஞ்சு–பிரான்ஸ், அரபு–எகிப்து. ஒவ்வொன்றிலும் ரூபாய், யென், குவைத் தினார். தொகைகளில் சுழியம், எதிர்மறை, லட்சத்தைத் தாண்டும் ஒன்று, ஐம்பது பைசாவில் முடியும் ஒன்று. எதிர்மறைக் குறி எங்கே நிற்கிறது என்பதும் லோகேலைப் பொறுத்தது, அதையும் ஃபார்மட்டரிடமே விடுங்கள்.

சோதனையில் பிரெஞ்சுத் தொகை திரையில் சரியாகத் தெரிந்தும் ஒப்பீடு தோற்கலாம். நீங்கள் தட்டச்சு செய்தது சாதாரண இடைவெளி. ஃபார்மட்டர் போட்டது வரி உடையாத குறுகிய இடைவெளி, யூனிகோடில் 202எஃப். ஜெர்மனில் € குறிக்கு முன் வருவது 00ஏ0. இரண்டும் தொகை இரண்டு வரியாக உடையாமல் காப்பவை. சாதாரண இடைவெளியாக மாற்றிவிடாதீர்கள், சோதனையின் எதிர்பார்ப்பைத் திருத்துங்கள். சிஎல்டிஆர் பதிப்புக்குப் பதிப்பு இந்த இடைவெளிகள் மாறியும் இருக்கின்றன. ஆகவே ஒப்பிடும் முன் இரு பக்கத்திலும் எல்லா இடைவெளிகளையும் ஒரே வகையாக்கிக்கொள்ளும் சிறு துணை ஃபங்ஷன் ஒன்றைச் சோதனைக் கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஆண்ட்ராய்டு வரும்போதெல்லாம் உடைந்த சோதனைகளைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியிராது.